களஞ்சியத்தைத் திறக்கும் காலம்



இன்று உங்களோடு பணத்தைப் பற்றிப் பேச விரும்புகிறேன். பங்குத்தந்தைக்கு இதில் என்ன அலுவல் என்று சிலர் கேட்கக்கூடும். நோயாளரைச் சந்திக்கவோ வீடு மந்திரிக்கவோ செல்லும்போது, தேநீர்க் கோப்பைக்கு அருகில் அரசாங்கக் கடிதமொன்றை வைத்து, "பாதர், இதை ஒருக்கா வாசித்துச் சொல்லுங்கோ" என்று கேட்போர் அண்மைக் காலத்தில் கூடிவிட்டனர். 1983க்குப் பின் வெறுங்கையோடு ரொறன்ரோவில் வந்திறங்கி, உணவகங்களிலும் தொழிற்சாலைகளிலும் இரண்டு வேலை பார்த்துக் குடும்பங்களை நிமிர்த்திய தலைமுறை இப்போது அறுபதுகளில் நிற்கிறது. நானும் அவ்வயதினனே. மறைமாவட்டக் குருக்கள் துறவியரைப் போல ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுப்பதில்லை. ஆகவே வரிப் படிவமும் ஓய்வூதிய விண்ணப்பமும் என் மேசைக்கும் வருகின்றன.

எகிப்தில் யோசேப்பு ஏழு வளமான ஆண்டுகளில் விளைச்சலின் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்துவைத்ததை எல்லோரும் அறிவோம். சேர்த்ததைப் பற்றியே மறையுரைகளில் பேசுகிறோம். பஞ்சம் வந்தபின் களஞ்சியத்தை எப்போது, எந்த அளவில் திறப்பது என்பது அதைவிடக் கடினமான பணி. அதைப் பற்றிப் பேசுவார் குறைவு. உங்களிற் பலர் இப்போது அந்தக் கதவின் முன்தான் நிற்கிறீர்கள்.

முதலில் அரசாங்கம் தருவது. முதியோர் ஓய்வூதியமாகிய ஓ.ஏ.எஸ். நீங்கள் செய்த வேலைக்காக அன்றி, இந்நாட்டில் வாழ்ந்த ஆண்டுகளுக்காகத் தரப்படுவது. 18 வயதுக்குப் பின் 40 ஆண்டுகள் வாழ்ந்திருந்தால் முழுத்தொகை. 1990இல் 30 வயதில் வந்த ஒருவர் 65 வயதில் 35 ஆண்டுகளை நிறைவு செய்திருப்பார்; அவருக்கு நாற்பதில் முப்பத்தைந்து பங்கு. சி.பி.பி. அவ்வாறன்று. அது உங்கள் சம்பளத்திலிருந்து பிடிக்கப்பட்ட பங்களிப்பின் பயன். பல ஆண்டுகள் கையில் காசாகச் சம்பளம் வாங்கியவர்களுக்கு அந்த ஆண்டுகள் கணக்கில் இல்லை. இதை அறியும்போது சிலருடைய முகம் வாடுவதைக் கண்டிருக்கிறேன். எனவே இன்றே உங்கள் பங்களிப்புப் பதிவை சேர்விஸ் கனடாவிடம் கேட்டுப் பாருங்கள். 65இல் முதன்முறையாகப் பார்ப்பதைவிட 58இல் பார்ப்பது நல்லது.

சி.பி.பி.யை 60 வயதிலேயே எடுக்க நம்மவர்கள் விரைகிறார்கள். "நாளைக்கு இருப்போமோ தெரியாது" என்பது நாம் போரிலிருந்து கொண்டுவந்த பழக்கம். அதை நான் எள்ளி நகையாட மாட்டேன். ஆயினும் கணக்கைப் பார்த்தபின் முடிவு செய்யுங்கள். 65க்கு முன் எடுக்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் 0.6 வீதம் குறைகிறது. 65க்குப் பின் பொறுக்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் 70 வயதுவரை 0.7 வீதம் கூடுகிறது. 65இல் 800 டொலர் பெறக்கூடியவருக்கு 60இல் 512 டொலர், 70இல் 1,136 டொலர். இந்த வேறுபாடு வாழ்நாள் முழுவதும் தொடரும். கடும் நோயுள்ளவர், வேறு வருவாய் இல்லாதவர் முன்கூட்டியே எடுப்பதில் நியாயமுண்டு. உடல்நலத்தோடு இன்னும் வேலை செய்பவர், அயலவர் எடுத்துவிட்டார் என்பதற்காக எடுப்பதில் நியாயம் இல்லை.

இனி, மிகுந்த சேதத்தை விளைவிக்கும் இடத்துக்கு வருகிறேன். குறைந்த வருவாயுள்ள முதியோருக்கு ஓ.ஏ.எஸ். உடன் சேர்த்து வழங்கப்படுவது ஜி.ஐ.எஸ். எனும் மேலதிகக் கொடுப்பனவு. அது வருமானத்தை மட்டுமே பார்க்கும். நீங்கள் குடியிருக்கும் வீட்டின் பெறுமதியைப் பார்க்காது. "வீடு என் பேரில் இருந்தால் தரமாட்டார்களாம்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு வீட்டைப் பிள்ளையின் பெயருக்கு மாற்றியோர் நம்மிடையே உண்டு. அது தேவையற்றது மட்டுமன்று, ஆபத்தானதும்கூட. பிள்ளை நல்ல பிள்ளையாகவே இருக்கலாம். ஆனால் பிள்ளையின் வியாபாரம் நொடிந்தால் கடன்காரர் அந்த வீட்டையும் நாடுவர். பிள்ளையின் மணவாழ்வு முறிந்தால் அந்த வீடும் வழக்குக்குள் இழுபடலாம்.

ஆர்.ஆர்.எஸ்.பி.யில் சேர்த்த பணம் அப்படியல்ல. அதிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு டொலரும் வருமானமாகக் கணக்கிடப்படும். 67 வயதான ஒருவர், மகனின் வீட்டு முற்பணத்துக்காகத் தம்மிடமிருந்த 60,000 டொலரை ஒரே தடவையில் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்ராறியோவில் வங்கி 30 வீதத்தை, அதாவது 18,000 டொலரை, வரிக்காகப் பிடித்துக்கொண்டு 42,000 டொலரைக் கையில் தரும். வரிக்கணக்கு முடிந்தபின் ஒரு பகுதி திரும்பக்கூடும். ஆனால் அவ்வாண்டின் வருமானம் 60,000 ஆல் உயர்ந்துவிட்டதால், மறு ஆண்டு ஆடி மாதம் தொடங்கிப் பன்னிரண்டு மாதங்களுக்கு ஜி.ஐ.எஸ். நின்றுவிடும். மகனுக்கோ இது தெரியாது. அப்பா உதவினார் என்பது மட்டுமே தெரியும். அப்பாவும் சொல்லமாட்டார். மாதக் கடைசியில் மருந்துக் கடையில் எந்த மருந்தை விடுவது என்று யோசித்துக்கொண்டு நிற்பார்.

குறைந்த ஓய்வூதியத்தையே எதிர்பார்ப்பவர்கள் 65 வயதுக்குச் சில ஆண்டுகள் முன்பாகவே ஆர்.ஆர்.எஸ்.பி.யிலிருந்து சிறிது சிறிதாக எடுத்து, வரியைச் செலுத்திவிட்டு, மிகுதியை ரி.எவ்.எஸ்.ஏ. கணக்குக்கு மாற்றுவது பற்றி ஆலோசனை பெறுவது நன்று. ரி.எவ்.எஸ்.ஏ.யிலிருந்து எடுப்பது வருமானமாகக் கொள்ளப்படுவதில்லை, அதனால் ஜி.ஐ.எஸ். குறைவதில்லை. நல்ல சம்பளமும் வேலைத்தல ஓய்வூதியமும் உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கு வேறுவிதமாக அமையும். எவ்வாறாயினும் 71 வயதாகும் ஆண்டின் இறுதிக்குள் ஆர்.ஆர்.எஸ்.பி.யை மூடியாகவேண்டும். பெரும்பாலோர் அதை ஆர்.ஆர்.ஐ.எவ். ஆக மாற்றி, பின்னர் ஆண்டுதோறும் சட்டம் குறிக்கும் குறைந்தபட்ச வீதத்தை எடுக்கிறார்கள். 71 வயதில் அது 5.28 வீதம்.

முதலீடுகளைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. நான் இறையியல் படித்தவன், நிதியியல் படித்தவனல்லன். ஒன்றை மட்டும் நினைவூட்டுகிறேன். 2008இல் ரொறன்ரோப் பங்குச்சந்தை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வீழ்ந்தது. நாற்பது வயதினர் பொறுத்திருந்தனர், சந்தை மீண்டது. அவ்வாண்டு ஓய்வுபெற்றுச் செலவுக்காக விற்கவேண்டியிருந்தவர் பொறுத்திருக்க முடியாது. ஆகவே அடுத்த சில ஆண்டுகளுக்குச் சாப்பாட்டுக்கும் வீட்டுவரிக்கும் தேவைப்படும் பணம் சந்தையில் இருக்கலாகாது. வங்கியின் உறுதிப்படுத்தப்பட்ட வைப்பில் இருக்கட்டும். முகவரிடம், "ஆண்டுக்கு எத்தனை வீதம் கட்டணம்?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். 200,000 டொலருக்கு 2 வீதம் என்றால் ஆண்டுக்கு 4,000 டொலர். அவர் ஒரே ஊரவர், ஒரே பங்கினர் என்பதற்காகக் கேட்கக் கூசாதீர்கள். அவர் பதிவுபெற்றவரா என்பதை ஒன்ராறியோ பிணையங்கள் ஆணைக்குழுவின் இணையத்தளம் வழியாகப் பார்க்கலாம். சீட்டைப் பற்றியும் ஒரு சொல்: சீட்டு பிடிப்பவர் எவ்வளவு நாணயமானவராயினும், ஓய்வுக்காலப் பணத்துக்கு அது இடமன்று. அங்கே காப்புறுதி இல்லை, வழக்காட எழுத்தும் இல்லை. ஆலய வாசலில் முகவர் அட்டைகள் வழங்குவதை நான் ஏன் அனுமதிப்பதில்லை என்று கேட்டவர்களுக்கும் இதுவே விடை.

பனிக்காலத்தை யாழ்ப்பாணத்திலோ மன்னாரிலோ கழிக்க விரும்புவோர் கவனிக்க: ஆறு மாதங்களுக்கு மேல் வெளிநாட்டில் இருந்தால் ஜி.ஐ.எஸ். நின்றுவிடும். 18 வயதுக்குப் பின் 20 ஆண்டுகள் இங்கு வாழ்ந்திருந்தால் ஓ.ஏ.எஸ். தொடரும், சி.பி.பி. எங்கிருந்தாலும் வரும். ஒன்ராறியோ மருத்துவக் காப்புறுதிக்குப் பன்னிரண்டு மாதங்களில் 153 நாட்களாவது மாகாணத்தில் இருக்கவேண்டும். ஊரில் வாடகைக்கு விட்ட வீட்டின் வருமானத்தையும் இங்கே கணக்கில் காட்டவேண்டும்.

சீராக் ஞான நூலின் 33ஆம் அதிகாரத்தை இவ்வாரம் வீட்டில் எடுத்து வாசியுங்கள். உயிரோடிருக்கும்போதே உடைமைகளைப் பிறரிடம் ஒப்படைத்துவிட்டுப் பின்னர் அவர்களிடம் கையேந்தும் நிலையை அந்த ஞானி எச்சரிக்கிறார். பிள்ளைகள் உன்னிடம் கேட்பதே மேல் என்கிறார். நம் பண்பாடு இதற்கு நேர்மாறாகப் பேசும். பிள்ளைகளுக்குக் கொடுக்காமல் வைத்திருப்பது சுயநலம் என்று எண்ணும் தாய்மார் என்னிடம் ஒப்புரவு அருட்சாதனத்துக்கு வெளியேயும் வந்து அழுதிருக்கிறார்கள். அம்மா, அது பாவமன்று. உங்கள் உணவும் மருந்தும் உறுதியானபின் கொடுங்கள். அப்போது அந்தக் கொடை உங்களையும் வதைக்காது, பெற்றவரையும் வதைக்காது. இளையோரே, நான்காம் கட்டளை உங்களுக்கு உரியது. வீட்டு முற்பணத்துக்குப் பெற்றோரிடம் கேட்கும் முன், "இதைத் தந்தால் உங்களுக்கு மாதம் எவ்வளவு மிஞ்சும்?" என்று கேளுங்கள். அவர்கள் "அதெல்லாம் இருக்கு" என்றால், கடிதங்களைக் காட்டச் சொல்லுங்கள்.

கைம்பெண்களுக்கு ஒரு வேண்டுகோள். கணவர் சி.பி.பி. செலுத்தியிருந்தால் உங்களுக்கு உயிர்வாழும் துணைவர் ஓய்வூதியம் உண்டு. அது விண்ணப்பித்தால்தான் வரும். 60 முதல் 64 வயதுவரை உள்ள, வருமானம் குறைந்த கைம்பெண்களுக்கும் கைம்மனிதருக்கும் தனியான உதவித்தொகையும் இருக்கிறது. பிந்தி விண்ணப்பித்தால் பழைய நிலுவை ஓராண்டளவுக்கே கிடைக்கும். கணக்குகளையெல்லாம் கணவரே பார்த்த வீடுகளில், அவர் போனபின் மனைவிக்கு எந்த வங்கி என்பதுகூடத் தெரியாமல் போகிறது. ஆகையால் இந்த மாதத்திலேயே இருவரும் சேர்ந்து ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதிவையுங்கள்: வங்கி, காப்புறுதி, ஓய்வூதியம், கடன், உயில், சொத்துக்கும் உடல்நலப் பராமரிப்புக்குமான அதிகாரப் பத்திரங்கள்.

சேர்விஸ் கனடாவின் கடிதம் விளங்காதவர்கள் ஞாயிறு திருப்பலிக்குப் பின் பங்கு அலுவலகத்துக்கு வாருங்கள். வாசித்து விளக்க என்னால் முடியும். முதலீடு எதுவென்று நான் சொல்லமாட்டேன். கணவனும் மனைவியுமாக வாருங்கள். வங்கி அட்டையையும் இரகசிய இலக்கத்தையும் வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

இறை ஆசீருடன்,
உங்கள் பங்குத்தந்தை