உப்பிட்டவர் யார்?

உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்க வேண்டும் என்று சிறு வயதில் நமக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். நாமும் விருந்துக்கு அழைத்துச் சோறு போட்டவர்களை நினைத்துக்கொண்டோம். அந்த உப்பை வாரியவர் யார் என்று கேட்கத் தோன்றவேயில்லை. ஓர் ஐப்பசியில் முத்தையாபுரத்துக்குப் போயிருந்தபோதுதான் தோன்றிற்று.

தூத்துக்குடித் துறைமுகத்துக்கு அருகிலுள்ள ஊர் அது. வெயில் காலத்தில் அங்கே உப்புப் பாத்திகள் கண்ணைப் பறிக்கும். நாம் போன அன்றோ மழை பிடித்துக்கொண்டது. அம்பாரங்களை ஓலையால் மூடியிருந்தார்கள். பாத்திகளில் கலங்கல் நீர் நின்றது. ஒரு வீட்டுத் திண்ணையில் ஒதுங்கினோம். வீட்டுக்கார அம்மாள் முப்பது வருஷமாக உப்பு வாருகிறவர்.

"இனிமே தை பொறந்துதான் அளத்துக்குப் போவணும்யா. அதுவரைக்கும் வட்டிக் காசுதான்" என்றார்.

"மழைக் காலத்துக்குச் சர்க்கார் 5,000 ரூபாய் கொடுக்கிறார்களே?"

"பக்கத்து வீட்டு மதினிக்கு வந்துச்சு. எம்பேரு லிஸ்டுல இல்லைன்னுட்டாவ. அளத்துல வேலை பாக்கேன்னு எழுதித் தர ஆளில்ல. என் காலைப் பாத்தாத் தெரியாதா?"

பார்த்தோம். உப்புநீர் அரித்த பாதங்கள். எந்த ரசீதும் அவ்வளவு தெளிவாகச் சாட்சி சொல்லாது. ஆனால் பாதத்தைக் கோப்பில் சேர்க்க முடியாதே!

இந்த உதவி தானாக வந்ததல்ல. கீழைக் கடலில் ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடை. அதற்கு மீனவருக்கு நிவாரணம் உண்டு. மழையும் ஒரு தடைதானே என்று உப்பளத் தொழிலாளர் வெகுகாலம் கேட்டார்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வேலையற்ற மாதங்களுக்காக 2021-இல் சட்டசபையில் அறிவிப்பு வந்தது. அரசியல் சட்டத்தில் உப்பு மத்திய பட்டியலின் 58-ஆவது இனம். தொழிலாளர் நலமோ பொதுப் பட்டியலில் இருக்கிறது. உப்பு டில்லிக்கு, உப்பு வாருகிறவர் இருவருக்கும் பொது! பொதுச் சொத்தை யார் கவனிப்பார்கள் என்பது கூட்டுக் குடும்பத்தில் வாழ்ந்தவர்களுக்குத் தெரியும்.

1930-இல் உப்புக்காகத் தேசமே சிறை சென்றது. 1947-இல் உப்பு வரி ஒழிந்தது. நமக்கு உப்பு மலிந்தது. வாருகிறவரை மறந்துவிட்டோம். ஆனால் இதே தூத்துக்குடி 1908-இல் அப்படி மறக்கவில்லை. வ. உ. சிதம்பரம் பிள்ளை முன்நின்ற கோரல் ஆலை வேலைநிறுத்தத்தின்போது ஊரார் தொழிலாளருக்குப் பணம் திரட்டினார்கள். எதிர்த்துப் பேசிய வக்கீல் ஒருவருக்குப் பாதி க்ஷவரத்தோடு நாவிதர் கத்தியை மடித்துக்கொண்டார் என்று சொல்வார்கள். ஒன்பதே நாளில் ஆலைக்காரர்கள் இறங்கி வந்தார்கள்.

அவ்வளவு பெரிய காரியம் நம்மால் ஆகாது. விண்ணப்பம் எழுத ஆகும். தினம் விடியுமுன் அந்த அம்மாள் அளத்துக்குப் போவதைக் கண்டவர்கள் அந்தத் தெருவிலேயே இருந்தார்கள்: ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர், டீக்கடைக்காரர், தையற்காரர். கேட்டவுடன் கையெழுத்திட்டார்கள், இத்தனை நாள் அவர்களை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். 2022-இல் தொடங்கிய பகுதி சபைக் கூட்டத்திலும் இதைப் பேசுவதாக ஆசிரியர் ஏற்றுக்கொண்டார். நகரத்தில் இப்படி ஒரு சபை இருப்பது நமக்கே அன்றுதான் நினைவுக்கு வந்தது என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம்.

திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனுவைக் கொடுத்தோம். பணம் வருமா என்பது இனிமேல்தான் தெரியும். கையில் கிடைத்த ரசீதை அந்த அம்மாள் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல எம்பேரு இருக்காய்யா?" என்று கேட்டார்.

இருந்தது. விரலை வைத்துக் காட்டினோம்.