இரவில் சுருங்கும் வானொலி
(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் - இயற்பியல்)

பகலெல்லாம் தெளிவாகக் கேட்கும் சிறிய மத்திய அலை நிலையம் ஒன்று, பொழுது சாய்ந்ததும் இரைச்சலில் மூழ்கிப் போவதை நண்பர்கள் சிலராவது கவனித்திருப்பீர்கள். காரணம் வானத்தில் இருக்கிறது. அயனி மண்டலத்தின் டி அடுக்கு பகலில் மத்திய அலைகளை விழுங்கிவிடுகிறது. கதிரவன் மறைந்ததும் அவ்வடுக்குக் கரைய, அலைகள் மேலடுக்குகளில் பட்டுத் திரும்பிப் பல நூறு மைல் தள்ளி இறங்குகின்றன. நம் பெரியவர்கள் இலங்கை வானொலியில் மயங்கிய இரவுகளுக்கு இந்த வான்வழியும் கைகொடுத்திருக்கும். ஆனால் சிறிய நிலையத்துக்கு இதுவே வினை. அழையா விருந்தாளிகள் கூடிவிட, வீட்டுக்காரன் குரல் எடுபடுவதில்லை.

சக்தியைக் கூட்டினால் தீராதா? அமெரிக்காவில் கூட்டிப் பார்த்தார்கள். அங்கே உள்ளூர் நிலையங்களுக்கென 1230, 1240, 1340, 1400, 1450, 1490 கிலோஹெர்ட்ஸ் என்று ஆறு அலைவரிசைகள் உண்டு. ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு மேற்பட்ட நிலையங்கள் நெருக்கியடிக்கின்றன. இரவில் கேட்கும் கூச்சலுக்காக அவற்றைக் 'கல்லறை அலைவரிசைகள்' என்றே கேலி செய்வார்கள்! 1980களில் இரவுச் சக்தியை 250 வாட்டிலிருந்து 1000 வாட்டாக்க அனுமதி கிடைத்தது. பலரும் ஒருசேர உயர்த்தவே, ஒருவரை ஒருவர் அமுக்கும் விகிதம் ஏறக்குறைய பழையபடியே நின்றது. சந்தைக்கடையில் எல்லாரும் குரலை உயர்த்திய கதைதான்.

என்னை வியக்க வைத்தது மண்ணுக்குள் நடக்கும் வேலை. மத்திய அலைக்குக் கோபுரமே ஏரியல். அதன் மறுபாதி தரை. கோபுரத்தின் அடியிலிருந்து வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்கள் போல 120 செப்புக் கம்பிகளைக் கால் அலைநீளத்துக்குப் புதைப்பது வழக்கம். பிரௌன், லூயிஸ், எப்ஸ்டைன் என்ற மூவர் 1937இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு அடிப்படை. 1240 கிலோஹெர்ட்ஸில் ஒரு கம்பி சுமார் 60 மீட்டர்; மொத்தம் ஏழு கிலோமீட்டருக்கு மேல் செம்பு!

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். படித்ததை வயல் வரப்பில் தந்தையாரிடம் சொல்லிப் பார்ப்பது என் வழக்கம். அவருக்கு விளங்கினால்தான் எனக்கு விளங்கியதாகக் கணக்கு. இதைக் கேட்டவர், "அவ்வளவு செம்பையும் மண்ணுல போட்டா, ராத்திரி காவலுக்கு யாருடா?" என்றார். நான் சிரித்தேன். கம்பித் திருட்டு உண்மையிலேயே வானொலி நிலையங்களின் தலைவலி என்று பிறகு படித்தேன். கம்பி அறுந்தாலும் அரித்தாலும் டிரான்ஸ்மிட்டரின் சக்தியில் ஒரு பங்கு மண்ணைச் சூடாக்கவே வீணாகிறது. பழுதுபார்த்தால் ஒரு வாட்டும் கூட்டாமலே தரையலை பலப்படும்.

கோபுரத்தை அரை அலைநீளத்துக்குச் சற்று மேல் உயர்த்தினாலும் பயன் உண்டு. ஆனால் 120 மீட்டருக்கு மேற்பட்ட கோபுரம் சிறிய நிலையத்தின் மடிக்குத் தாங்காது. 2009 முதல் அந்நாட்டில் 250 வாட்டுக்கு மேற்படாத பண்பலைத் துணைக்கருவி மூலம் அதே நிகழ்ச்சியை ஒலிபரப்ப அனுமதித்தார்கள். இதைத் தோல்வி என்பாரும் உண்டு. இரவில் புயல் எச்சரிக்கைக்குக் காத்திருப்பவனுக்கு எந்த அலையில் வந்தால் என்ன என்பது என் கட்சி. ஆயினும் குன்று மறைத்த இடத்தில் பண்பலை தடுமாறும். அங்குள்ளவர்களுக்கு அந்தச் செப்புக் கம்பிகள்தான் கதி.