குழி தெரியாத சிப்பி

உட்லண்ட்ஸில் தோண்டிக்கொண்டே போனால் கடைசியில் கருங்கல்தான். புக்கிட் தீமா கிரானைட். குழம்பாக உருகியிருந்தது பூமிக்கடியில் ஆறி இறுகிய கல் என்பதால் அதற்குள் சிப்பியோ நத்தையோ இருக்க வழியில்லை. அதன் வயதைப் பார்க்க சிர்கான் என்கிற பொடிப் படிகங்களைப் பிரித்தெடுத்து, உள்ளே இருந்த யுரேனியத்தில் எவ்வளவு ஈயமாக மாறியிருக்கிறது என்று அளக்க வேண்டும். பெரிய ஆய்வகம் வேண்டும். எங்கள் அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்லுக்கு முதலில் தேவைப்பட்டதெல்லாம் ஒரு சுத்தியலும், பார்த்த ஓட்டை மறக்காத கண்ணும்தான்.

அங்கிருந்து வந்த சிப்பி ஒன்று என் மேசையில் இருக்கிறது. அப்பா சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டியவர், அவர் எடுத்துவந்தது. ஒரு பக்கம் கிண்ணம்போலக் குழிந்து, உள்ளங்கையை நிறைக்கும். கிரைஃபியா வகை என்பார்கள். வீட்டுக்கு வருகிற எல்லோருக்கும் கேள்வி ஒன்றுதான்: "இதுக்கு எத்தன வயசு?" ஏழு கோடி ஆண்டு என்று சொல்லி வாயைப் பிளக்க வைக்கலாம். ஆனால் இந்தச் சிப்பியை மட்டும் வைத்துக்கொண்டு அப்படிச் சொல்ல முடியாது.

தேதி போடாத பழைய போட்டோ ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் உட்லண்ட்ஸ் எம்ஆர்டி நிலையம் தெரிந்தால் 1996க்கு முந்தியது இல்லை. நிற்கிறவர் இடுப்பில் பேஜர் இருந்தால் ரொம்பப் பிந்தியதும் இல்லை. இரண்டும் சேர்ந்து இருந்திருக்கக்கூடிய சில வருஷங்கள்தான் பதில். கல்லிலும் அதே கணக்கு. கிரைஃபியா போன்ற சிப்பிகள் நீண்ட காலம் தாக்குப்பிடித்த கூட்டம். தனியாக வந்தால் அதன் சாட்சி செல்லாது. பக்கத்தில் யார் கிடந்தார்கள் என்று பார்க்க வேண்டும்.

பக்கத்தில் அம்மோனைட் கிடந்தால் அதிர்ஷ்டம். கணவாயின் தூரத்து உறவு, சுருள் ஓடு. சாளக்கிராமம் என்று பூஜையில் வைக்கிறார்களே, கண்டகி நதிக் கல், அதில் சுருளாகத் தெரிவது இதுதான். அம்மோனைட்கள் வேகமாக உருமாறின, கடல் கடலாகப் பரவின. அதனால் ஒவ்வொரு இனமும் குறுகிய காலத்துக்கு மட்டும், ஆனால் பல நாட்டுக் கற்களில் இருக்கிறது. நல்ல சாட்சிக்கு இதைவிட என்ன வேண்டும்?

1846இல் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் இப்பகுதி ஓடுகளை லண்டனில் வைத்து விவரித்தார். பிறகு ஹென்றி பிளான்ஃபோர்ட் நேரில் அலைந்து பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்றாக அடுக்கினார். ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா 1873 வரை தொகுதி தொகுதியாக ஓடுகளுக்குப் பெயரிட்டு எழுதினார். அடுத்த வருஷமே லடாக் மலைகளில் இறந்துபோனார், வயது 36. இவர்கள் யாரிடமும் கோடிக் கணக்கு கிடையாது. இது முந்தி, அது பிந்தி, ஐரோப்பாவின் இன்ன படிவுக்குச் சமம், அவ்வளவுதான். எண் வந்தது இருபதாம் நூற்றாண்டில். அமெரிக்காவில் அம்மோனைட் அடுக்குகளுக்கு நடுவே எரிமலைச் சாம்பல் இருந்தது. உட்லண்ட்ஸ் கருங்கல்லுக்கு வைக்கிற மாதிரிக் கடிகாரத்தைச் சாம்பலுக்கு வைத்தார்கள். அந்த வயதைத்தான் அரியலூர் கடன் வாங்கியிருக்கிறது.

எனக்குப் பிடித்த இடம் செந்துறைப் பக்கம் நின்னியூர். அங்கே கல்லில் அம்மோனைட்டைத் தேடினால் கிடைக்காது. நாட்டிலஸ் கிடைக்கும், அதன் சந்ததி இன்றும் நீந்துகிறது. ஆறரைக் கோடி ஆண்டுக்கு முந்தைய பேரழிவைத் தாண்டிய பிறகு படிந்த கல் அது. ஒருவர் வராததும் சாட்சிதான் போல.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 1953இல் டால்மியாபுரம் என்ற பெயரை மாற்றச் சொல்லி கருணாநிதி தண்டவாளத்தில் படுத்தார். ரயில் நிலையம் கல்லக்குடி ஆகிவிட்டது. ஆனால் அங்கே பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் பவளமும் பாசியும் கட்டிய சுண்ணாம்புக்கல்லுக்கு நிலவியல் நூல்களில் இன்றும் டால்மியாபுரம் படிவு என்றே பெயர். அந்தத் தண்டவாளத்தில் யாரும் இன்னும் படுக்கவில்லை.

என் கவலை பெயர் அல்ல, அடுக்கு. சுரங்கம் வெட்டியதால்தான் அடுக்குகள் வெளிச்சத்துக்கு வந்தன, அப்பாவுக்குச் சம்பளமும் வந்தது. குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் வெடி வைத்து லாரியில் கொட்டிய பிறகு எந்த ஓடு எதன் மேல் கிடந்தது என்பது போய்விடுகிறது. அரவை இயந்திரத்துக்கு எல்லாம் சுண்ணாம்புதான். இடம் குறிக்காமல் எடுத்த சிப்பி ஓர் அழகான பொருள், அதற்கு மேல் ஒன்றுமில்லை.

போன மாதம் போனில் அப்பாவிடம் கேட்டேன். எந்தக் குழிப்பா, மேலயா, கீழயா, கூட வேற என்ன கிடந்துச்சு?

"முப்பது வருசம் ஆச்சு, இப்ப வந்து கேக்குற," என்றார். கொஞ்ச நேரம் சத்தமில்லை. "கல்லங்குறிச்சிப் பக்கந்தான். ஒரே சிப்பியா ஒரு ஆள் உசரத்துக்கு இருந்துச்சு. அதுக்கு மேல மஞ்சளா ஏதோ. இப்ப போயிப் பாக்க முடியாதுடா, குழி பூரா தண்ணி நிக்குது. பசங்க மீன் புடிக்கிறாங்க."

அவர் சொன்னதைத் தேதி போட்டு ஒரு சீட்டில் எழுதி, சிப்பியின் குழிவுக்குள் மடித்து வைத்திருக்கிறேன்.