கோடுகள் சொன்ன உண்மை

தில்லி நேரு பிளேஸ். முதல் மாடியில் கட்டில் அகலமே உள்ள ஒரு கடை. லக்ஷ்மி நகரிலிருந்து ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுவந்த சிபியுவை மேஜையில் இறக்குகிறார் கல்யாண ஆல்பம் வடிவமைப்பவர். திரையெங்கும் பச்சைக் கோடுகள். மதர்போர்டே போய்விட்டது, புதுக் கம்ப்யூட்டர்தான் வழி என்று வேறொரு கடையில் கைவிரித்து விட்டார்கள். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காகச் சேர்த்த பணம் சட்டைப் பையில்.

மெக்கானிக் அவசரப்படவில்லை. மானிட்டரையும் கேபிளையும் மாற்றிப் பார்க்கிறார். கோடுகள் போகவில்லை. விண்டோஸ் தொடங்குமுன்பே, பயாஸ் திரையிலேயே தெரிகின்றன. எனவே டிரைவர் மீது பழி போட முடியாது. கிராபிக்ஸ் கார்டைக் கழற்றிவிட்டு, மதர்போர்டிலேயே உள்ள எச்.டி.எம்.ஐ. போர்ட்டில் கேபிளைச் செருகுகிறார். படம் பளிச். ஆனாலும் அவருக்குத் திருப்தியில்லை. கார்டு செருகும் ஸ்லாட்டே பழுதாக இருந்தால்? கார்டை வேறொரு கம்ப்யூட்டரில் பொருத்துகிறார். அங்கும் அதே கோடுகள். இனி சந்தேகமில்லை.

மாற்றுவதிலும் கணக்கு உண்டு. பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் தரும் மின்சாரம் அதிகபட்சம் 75 வாட். அதற்குள் இயங்கும் செகண்ட் ஹேண்ட் கார்டு ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார். பழைய எஸ்.எம்.பி.எஸ்ஸே தாங்கும்.

பாதியில் நின்ற ஆல்பம் திறக்கிறது. மணப்பெண்ணின் முகத்தில் ஒரு கோடுகூட இல்லை. பணம் கொடுத்த பிறகும் சட்டைப் பையில் பெரும்பங்கு மிச்சம். ஆல்பக்காரர் வீட்டுக்குப் போன் போடுகிறார்: "நாளைக்கே ஃபீஸ் கட்டிவிடலாம்."