இரண்டு ‘எம்’ படங்கள்



பிரிட்ஸ் லாங் இயக்கி 1931இல் பெர்லினில் வெளிவந்த ‘எம்’ என்னும் துப்பறியும் படத்தையும், அதை ஜோசப் லோசி 1951இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் மீண்டும் எடுத்ததையும் இவ்வாரம் அடுத்தடுத்துப் பார்த்தேன். தயாரிப்பாளர் இரண்டுக்கும் ஒருவரே. குழந்தைகளைக் கொல்பவனைக் காவல்துறையும் திருடர் கூட்டமும் தேடுகின்றன. திருடர்கள் முந்திப் பிடித்துத் தாமே நீதிமன்றம் அமைக்கின்றனர்.

லோசியின் படம் பழுதானதன்று. பங்கர் ஹில் தெருக்களும் பிராட்பரி கட்டடமும் கண்ணிலேயே நிற்கின்றன. ஆனால் அது கொலைகாரனின் மனநோய்க்குத் தாயின் நினைவுகளில் காரணம் தேடுகிறது. நமக்கு ஒரு விளக்கம் கிடைத்துவிடுகிறது, கூடவே நிம்மதியும். லாங் அந்த நிம்மதியைத் தருவதில்லை. பீட்டர் லோரே தன்னிடமிருந்தே தப்ப இயலவில்லை எனக் கதறுகையில், தீர்ப்பிட வந்த திருடர்களுள் சிலர் தம்மையறியாது தலையசைக்கின்றனர். கொலையையும் அவர் காட்டுவதில்லை. உணவு மேசையில் சிறுமியின் வெற்றுத் தட்டு, கம்பிகளில் சிக்கிய பலூன், அவ்வளவே.

பழைய படத்தில், தெருவில் ஒரு சிறுமியோடு பேசியதற்காகவே ஓர் அப்பாவியைக் கூட்டம் சூழ்ந்துகொள்ளும். அங்கே படத்தை நிறுத்திவிட்டேன்.

சென்ற ஆண்டு நம் வாட்ஸ்அப் குழுவில் ‘பிள்ளைபிடிகாரன், கவனம்’ என்ற குறிப்போடு ஒருவரின் படம் வந்தது நினைவிருக்கிறதா? நானும் அதை நால்வருக்கு அனுப்பினேன். அவர் பேத்தியை அழைத்துச் செல்லப் பள்ளி வாசலில் நின்றவர் என்று பின்னர் அறிந்தோம். குழுவில் பதிவை அழித்தோம். அவரிடம் எவரும் செல்லவில்லை.

வியாழன் மாலை நான் செல்கிறேன். உடன் வர விரும்புவோர் சொல்லுங்கள்.