மவுசாகலை முதல் முகத்துவாரம் வரை

கொழும்பு கொம்பனித்தெருவில் குழாயைத் திறந்தால் வருவது களனிப் படுகையின் தண்ணீர். ஜாவா லேன் சிறுவீட்டுக்கும் பேரே வாவியோரம் எழுந்து நிற்கும் அடுக்குமாடிக்கும் அதே ஆறுதான். கொழும்பும் சுற்றுப்புறமும் குடிக்கும் நீரில் ஏறத்தாழ 80 சதவீதத்தைக் களனி தருகிறது. 145 கிலோமீற்றர் நீளமும் 2,200 சதுர கிலோமீற்றருக்கு மேற்பட்ட படுகையும் கொண்ட இந்த ஆற்றின் மேல் நூறு ஆண்டுகளாகத் திட்டங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. தலையிலிருந்து கால்வரை ஒருசேரக் கணக்குப் பார்த்து அவற்றைப் போட்டோமா என்பதே என் கேள்வி.

தலை, சிவனொளிபாதமலைப் பக்கம். மஸ்கெலியா ஓயா, கெஹெல்கமு ஓயா என்று இரண்டு கிளைகள் தேயிலை மலைகளுக்கிடையே இறங்குகின்றன. இந்த மேட்டு நீரிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர கணக்குப் போட்டு ஆய்வுக் கட்டுரை படைத்தது 1918இல். 1924இல் வேலை தொடங்கியது, 1927இல் நின்றது. லக்ஷபான மின் நிலையம் ஓடத் தொடங்கியது 1950இல்தான். இடைப்பட்ட காலத்தில் அந்த மலையும் மழையும் மாறிவிடவில்லை. ஓர் ஆற்றுத் திட்டம் சாத்தியமா இல்லையா என்பதை ஆறு மட்டும் தீர்மானிப்பதில்லை. யார் பணம் போடுவது, யாருக்காகப் போடுவது என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. லக்ஷபான ஓடத் தொடங்கி மூன்று வருடங்கள் கழித்து, 1953இல், விமலசுரேந்திர காலமானார். தன் கணக்கு சரியென்று கண்ணால் பார்த்துவிட்டுப் போனாரே என்பதில் எனக்கு இன்றும் ஓர் ஆறுதல்.

அதன்பின் வேகம் பிடித்தது. காசல்ரீ நீர்த்தேக்கத்து நீரில் ஓடும், அவர் பெயர் தாங்கிய மின் நிலையம் 1965இல் வந்தது. மவுசாகலை 1969இல் நிரம்பியபோது பழைய மஸ்கெலியா நகரம் தண்ணீருக்கடியில் போனது. கடுமையான வரட்சியில் நீர் வற்றினால் இன்றும் பழைய கோவிலின் கட்டடம் வெளியே தெரியும். வெடித்த சேற்றின் மேல் நடந்துபோய்ச் சனம் அதைப் பார்த்துவிட்டு வரும். கடைவீதியும் கும்பிட்ட சாமியும் போன இழப்பை எந்த அலகில் அளப்பது? பெரிய திட்டங்களுக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீடு கட்டாயம் என்ற சட்டமே 1988இல்தான் வந்தது. மலையகத் தொழிலாளரின் இழப்பு அன்றைய ஏட்டில் ஏறுவதற்கு வழியே இருக்கவில்லை.

நோர்ட்டன் பிரிட்ஜ், லக்ஷபான, பொல்பிட்டிய என்று ஒரே தண்ணீர் மீண்டும் மீண்டும் சுழலிகளைச் சுற்றிவிட்டுக் கித்துல்கலையை அடைகிறது. இவ்வளவு அணைகள் மேலே இருந்தும் கொழும்பில் ஏன் வெள்ளம் என்று பலர் கேட்கிறார்கள். மேல் நீர்த்தேக்கங்கள் ஏந்துவது படுகையின் ஒரு சிறு பங்கு மழையை மட்டுமே. யட்டியாந்தோட்டையில் வீ ஓயா வந்து சேர்கிறது, ருவன்வெல்லையில் குருகொட ஓயா, அவிசாவளைப் பக்கம் சீதாவக்கை கங்கை. தென்மேல் பருவக்காற்று இந்த இடைநிலத்தில் கொட்டித் தீர்க்கும் மழைக்குப் பெரிய தடை ஒன்றும் இல்லை. வீ ஓயாவிலும் ஹொலம்புவையிலும் நீர்த்தேக்கம் கட்டும் யோசனை திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணம் இதுதான்.

அந்த யோசனையை நான் எதிர்க்கவில்லை. ஆனால் வெள்ளம் தாங்க வேண்டிய அணை மழைக்கு முன் வெறுமையாகக் கிடக்க வேண்டும். மின்சாரத்துக்கும் குடிநீருக்குமான அணையோ நிரம்பி நிற்க வேண்டும். ஒரே அணைக்குள் மூன்று பயனையும் முழுதாக எழுதிக்காட்டும் அறிக்கையை நம்ப முடியாது. எந்த மாதத்தில் எதை விட்டுக்கொடுப்பது என்று அது சொல்லியாக வேண்டும்.

ஹங்வெல்ல தாண்டியதும் ஆறு சோம்பல் படுகிறது. பல்லாண்டு மணல் அகழ்வால் கீழ்ப்பகுதியில் அடித்தளம் கடல் மட்டத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. வரட்சிக் காலத்தில் மேலிருந்து வரும் நீர் மெலிந்தால் உப்புநீர் ஆற்றோடு ஏறி, கொழும்புக்கு நீர் எடுக்கும் அம்பத்தலையை நெருங்குகிறது. அதைத் தடுக்க ஆற்றின் குறுக்கே தடுப்புப் போட வேண்டியிருக்கிறது. ஆக, மஸ்கெலியாவில் மின்சாரத்துக்காகத் திறக்கும் மதகுக்கும் நம் வீட்டுத் தேநீரின் சுவைக்கும் தொடர்பு உண்டு. மின்சாரம் ஒரு பக்கம், குடிநீருக்கு ஒரு சபை, வெள்ளத்துக்கு நீர்ப்பாசனத் திணைக்களம் என்று பிரிந்து கிடப்பதால் அந்தத் தொடர்பு ஒருவரின் கோப்பிலும் முழுமையாக இருப்பதில்லை.

கொழும்பில் நாகலகம் வீதி அளவுகோலில் ஆற்றின் உயரத்தை இன்றும் அடியில்தான் சொல்கிறார்கள். 5 அடி என்றால் சிறு வெள்ளம், 7 அடி என்றால் பெருவெள்ளம். 1947இல் 12 அடியைத் தாண்டியது. 2016 மே மாதத்தில் 7 அடியைத் தாண்டியபோது கொலன்னாவையில் வீட்டுக் கூரையோடு நீர் நின்றது. 2025 நவம்பரில் டித்வா புயலோடு வெள்ளம் மறுபடியும் வந்தது. இங்குள்ள மண்கரைகள் பிரித்தானியர் காலத்தவை. கரைக்கு உட்புறம் நகரம் ஓரளவு காப்பாற்றப்படுகிறது. கரைக்கும் ஆற்றுக்கும் நடுவே குடியிருப்பவர்களை வெள்ளம் முதலில் பிடிக்கிறது. வேறு இடத்தில் காணி வாங்க முடியாததால் அங்கே இருப்பவர்கள் அவர்கள். மட்டக்குளியில் ஆறு கடலோடு கலக்கும் வரை இதே கதைதான்.

கீழ்க்களனி வெள்ளத்தைக் குறைக்கவும் முன்னெச்சரிக்கையை மேம்படுத்தவும் 2019இல் உலக வங்கி 310 மில்லியன் டொலர் திட்டமொன்றுக்கு ஒப்புதல் தந்தது. இனி இந்தப் படுகையில் எந்த அணைக்கு, எந்தக் கரைக்கு அறிக்கை எழுதினாலும், மேலே எத்தனை தோட்ட லயன் குடும்பங்கள் இடம்பெயரும், கீழே எத்தனை வீடுகள் தப்பும், எத்தனை மெகாவாட் குறையும், வரட்சியில் அம்பத்தலைக்கு எவ்வளவு நீர் மிஞ்சும் என்பவை நான்கும் ஒரே அட்டவணையில் வர வேண்டும். அந்த அட்டவணையைத் தமிழிலும் சிங்களத்திலும் அச்சிட்டு, மஸ்கெலியாவிலும் மட்டக்குளியிலும் கூட்டம் வைத்து, ஒப்பந்தம் கைச்சாத்தாவதற்கு முன்பே சனத்திடம் காட்ட வேண்டும்.