செக்கரியாவும் எங்க அப்பாவும்

ரொம்ப நாள் ஆச்சு எழுதி. ஆபீஸ்ல ஆணி அதிகம்னு சொன்னா பாதிதான் உண்மை. மீதி, எங்க அப்பா.

2025 ஆகஸ்ட்ல அப்பாவுக்கு ஸ்ட்ரோக். கை கால் ஓரளவு தேறிடுச்சு. பேச்சுதான் போச்சு. அஃபேசியான்னாங்க. நாம சொல்றது புரியும், பதிலும் மண்டைக்குள்ள இருக்கும், வார்த்தை மட்டும் வெளிய வராது. தூத்துக்குடியில உப்பளத்துக் கணக்கப்பிள்ளையா இருந்தவர். ஞாயித்துக்கிழமையானா கோயில்ல ஆர்மோனியம், பாட்டு. முப்பது வருஷம் பாடகர் குழுவைக் கட்டி மேய்ச்ச மனுசன், தண்ணி வேணும்னா கையைக் காட்டறார். ரெண்டு தடவை தப்பா எடுத்துக் கொடுத்தா முகத்தைத் திருப்பிக்கிறார்.

ப்ராஜெக்ட்ல இ.டி.ஏ. கேட்டே பழகின புத்தி. டாக்டர்கிட்டயும் கேட்டேன், "சார், தோராயமா எப்போ?"

"சொல்ல முடியாது தம்பி. சில மாசமும் ஆகலாம், வருஷக்கணக்கும் ஆகலாம். முழுசா வராமலும் போகலாம்."

என் மேனேஜர்கிட்ட நான் இப்படி ஒரு பதில் சொல்லியிருந்தா... சரி, விடுங்க.

நவம்பர் 30, திருவருகைக்காலத்தோட முதல் ஞாயிறு. வீட்டுலேருந்தே வேலைன்னு சொல்லிட்டு ஊருக்கு வந்திருந்தேன். பூசையில நாலு மெழுகுவர்த்தி வளையத்துல முதல் ஊதாவை ஏத்தினாங்க. இந்த வளையம் ஜெர்மனிச் சமாச்சாரம். 1839-ல ஹாம்பர்க்ல விக்கெர்ன்னு ஒரு போதகர், தன்னோட இல்லத்துல இருந்த ஏழைப் பசங்க "கிறிஸ்துமஸ் எப்போ, எப்போ"ன்னு நச்சரிச்சதுனால, வளையத்துல மெழுகுவர்த்தி வெச்சு நாளுக்கு ஒண்ணா ஏத்தினாராம். அக்மார்க் கவுண்ட்டவுன் டைமர் :-) அந்தப் பசங்களுக்காவது 25-ந்தேதின்னு ஒண்ணு இருந்துச்சு. எனக்கு அதுகூட இல்லையேன்னு கடுப்போடதான் உக்காந்திருந்தேன்.

ஆனா அன்னிக்கு வாசகத்துல குடிலும் இல்ல, குழந்தையும் இல்ல. நோவா காலத்து வெள்ளம், ராத்திரி எப்போ வருவான்னே தெரியாத திருடன். நாளும் தெரியாது, நேரமும் தெரியாது, முழிச்சிருங்கன்னு சொல்ற நற்செய்தி. சின்ன வயசுலேருந்து கேட்டும் எனக்கு உறைக்கவே இல்ல. பெத்லகேம் குழந்தைக்குக் காத்திருக்கறது முக்கியமா டிசம்பர் 17-க்கு அப்புறம்தான். அதுவரைக்கும் பெரும்பாலும் இரண்டாம் வருகை, அதாவது தேதியே தெரியாத ஒண்ணுக்குக் காத்திருக்கறது. தேதி தெரியலங்கிறதால காத்திருக்கறதை நிறுத்தச் சொல்லல. நான் நிறுத்தியிருந்தேன்.

எப்படின்னா, பேச்சுப் பயிற்சி கொடுக்கற அக்கா, தினமும் அரைமணி நேரம் அப்பாவைப் பாட வைங்கன்னு சொல்லியிருந்தாங்க. பேச்சை இழந்த சிலருக்குப் பாட்டு மிச்சமிருக்கும். பெரும்பாலானவங்களுக்குப் பேச்சு இடது மூளையோட வேலை, ராகத்துல வலதுக்கும் பங்கு உண்டு. இதை வெச்சு 1973-லயே பாஸ்டன்ல ஒரு சிகிச்சை முறையை எழுதி வெச்சிருக்காங்க. ஒரு வாரம் செஞ்சோம். அவர் வாயைத் திறந்து திணறறதைப் பார்த்து அம்மா அழ, ஆர்மோனியத்தை மூடி வெச்சாச்சு. எனக்கும் நிம்மதியாதான் இருந்துச்சு, பொய் சொல்வானேன்.

அன்னிக்குச் சாயங்காலம் திரும்பத் திறந்தேன். எனக்கு வாசிக்கத் தெரியாது. ஒரே கட்டையை அமுக்கிட்டு கத்தினேன். அப்பா காதைப் பொத்திக்கிட்டார்.

டிசம்பர் 19 பூசையில செக்கரியா கதை. கிழவனுக்குப் பிள்ளை பொறக்கும்னு கபிரியேல் சொல்ல, எப்படி நம்பறதுன்னு கேட்டவருக்குப் பேச்சு போயிடும். எனக்கு இந்தக் கதையில எப்பவும் வருத்தம்தான். மரியாவும்தானே எப்படின்னு கேட்டாங்க? சாமியார் ஏதோ விளக்கம் சொன்னார், எனக்கு ஒப்பல. எங்க அப்பா என்ன கேட்டுட்டார்னு இவருக்கு வாயைக் கட்டினேன்னு உள்ள பொருமிட்டிருந்தேன். முழங்கையால யாரோ இடிச்சாங்க. அப்பா. பீடத்தைக் காட்டி, தன் வாயைக் காட்டி, கோணலா ஒரு சிரிப்பு. ஆகஸ்டுக்கு அப்புறம் அவர் அடிச்ச முதல் ஜோக்.

23-ந்தேதி சாயங்காலம், என் அபஸ்வரம் தாங்காமத்தானோ என்னவோ, என் கையைத் தட்டிவிட்டுட்டு அவரே கட்டையில விரலை வெச்சார். பழைய கிறிஸ்துமஸ் பாட்டு ஒண்ணு. முனகலா ஆரம்பிச்சு, நடுவுல ரெண்டே ரெண்டு வார்த்தை, சுத்தமா, அவரோட பழைய குரல்ல. அடுப்படியில பாத்திரச் சத்தம் நின்னுச்சு.

மறுநாள் காலையில டீயான்னு கேட்டேன். கையைத்தான் காட்டினார். காபியாம்.

ஆர்மோனியத்துத் துருத்தி ஓரமா கிழிஞ்சிருக்கு. ஆறரைக்குள்ள ஒட்டணும். வரேன்.